காபி மிஷினில் அரைத்த கோதுமை

புனேயில் எங்கள் குடியிருப்பில் ஒரு ரிட்டயர்டு டீச்சர் இருக்கிறார். மராத்திக்காரர். முப்பது வருஷத்துக்கு மேல் ஹைஸ்கூலில் சரித்திரம் நடத்தியவர். குழந்தைகளுக்கு அவர் ஆஜி (மராத்தியில் பாட்டி), எங்களுக்கு டீச்சர். அவருக்கு ரெண்டே பைத்தியம். ஒன்று, குழந்தைகள் புத்தகம். இன்னொன்று, பழைய காலத்துச் சமையல். ரெண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கி, சனிக்கிழமை சாயந்திரம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைக் கூட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். புத்தகத்தில் ஒரு அத்தியாயம் படிப்பது, அதில் வரும் சாப்பாட்டை அந்தக் காலத்துச் சாமான்களோடு செய்து பார்ப்பது. அவ்வளவுதான் வகுப்பு. பரீட்சை கிடையாது.

என் பெண் போக ஆரம்பித்ததும், கூட்டிக்கொண்டு போய் விடுகிற சாக்கில் நானும் பின்வரிசையில் உட்கார ஆரம்பித்தேன். நமக்கு மெக்கானிக்கல் புத்தி. எது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது. அங்கே கேட்டதையும், அதற்கப்புறம் நானே தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருஷம் டீச்சர் எடுத்துக்கொண்டது லாரா இங்கால்ஸ் வைல்டரின் 'லிட்டில் ஹவுஸ்' புத்தகங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் படித்திருக்கலாம். லாரா 1867இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் காட்டுப்பக்கம் பிறந்தவர். அப்பா சார்லஸ், அம்மா கரோலின். அப்பாவுக்கு ஒரு இடத்தில் கால் தங்காது. மாட்டு வண்டி மாதிரி ஒரு கூண்டு வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு (இழுத்தது குதிரைகள்) கான்சாஸ், மின்னசோட்டா, அயோவா, டகோட்டா என்று போய்க்கொண்டே இருந்தார். வேலை நிமித்தம் ஊர் ஊராக மூட்டை கட்டும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்த வண்டியைப் பார்த்தால் கொஞ்சம் நெருக்கமாகத்தான் இருக்கும்!

லாராவும் ஒரு டீச்சர்தான். பதின்ம வயதிலேயே சான்றிதழ் வாங்கிக்கொண்டு பாடம் நடத்தப் போனார். மூன்று பருவங்கள் நடத்தினார். 1885இல் கல்யாணத்தோடு அது முடிந்தது. முதல் புத்தகமான 'லிட்டில் ஹவுஸ் இன் தி பிக் உட்ஸ்' வெளிவந்தது 1932இல். அப்போது அவருக்கு வயது 65. "இன்னும் எனக்கு டைம் இருக்கு" என்று டீச்சர் சொல்லிச் சிரிப்பார்.

அந்த முதல் புத்தகத்தைப் புரட்டினால் பாதிக்கு மேல் சாப்பாட்டு விஷயம்தான். பன்றி அடிப்பது, இறைச்சியைப் புகை போட்டுப் பதப்படுத்துவது, பாலாடைக்கட்டி செய்வது, வெண்ணெய் கடைவது. கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. குளிர்காலத்துக்கு முன்னால் சாப்பாட்டைச் சேர்த்து வைப்பதுதான் கதை. சேர்க்காவிட்டால் சாப்பாடு இல்லை. டீச்சர் முதல் வாரமே பிள்ளைகளிடம் சொன்னார்: "இது சமையல் புத்தகம் இல்லை, கணக்குப் புத்தகம். வீட்டில் எத்தனை பேர், குளிர்காலம் எத்தனை மாசம், பரணில் என்ன இருக்கு. இதைத்தான் இந்தப் பொண்ணு எழுதியிருக்கா."

இதில் ஆராய்ச்சி செய்தவர்களும் உண்டு. பார்பரா வாக்கர் என்பவர் இந்த வரிசைப் புத்தகங்களில் வரும் உணவுகளைத் தேடிப் பிடித்து, செய்து பார்த்து, 100க்கும் மேற்பட்ட குறிப்புகளோடு 1979இல் 'தி லிட்டில் ஹவுஸ் குக்புக்' வெளியிட்டார். டீச்சர் வைத்திருக்கும் பிரதி அட்டை போய், எண்ணெய்க் கறையோடு, நம் வீடுகளில் இருக்கும் மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' மாதிரியே இருக்கிறது.

முதலில் வெண்ணெய். நம் வீட்டில் தயிரை மத்தால் கடைவோம். அவர்கள் கடைந்தது புளித்த பாலேட்டை. உயரமான மரத்தொட்டி, மூடியில் ஓட்டை, அதன் வழியாக ஒரு கம்பை மேலும் கீழும் குத்திக்கொண்டே இருக்க வேண்டும். குளிர்காலத்தில் மாட்டுக்குப் பச்சைத் தீவனம் கிடையாது. அதனால் வெண்ணெய் வெளுத்துப் போகும். லாராவின் அம்மாவுக்கு அது பிடிக்காது. காரட்டைத் துருவி, பாலில் சூடாக்கி, துணியில் பிழிந்து, அந்த மஞ்சள் பாலைப் பாலேட்டில் சேர்ப்பார். துருவி எது தெரியுமா? அப்பா ஆணியால் ஓட்டை போட்டுக் கொடுத்த பழைய தகரத் தட்டு. பிழிந்த காரட் சக்கை பிள்ளைகளுக்கு. எங்கள் பிள்ளைகளும் வரிசையில் நின்று சக்கையைத் தின்றார்கள். பச்சைப் புல்லில் இருக்கிற அதே கரோட்டின்தான் காரட்டிலும் இருக்கிறது என்பதை ஆஜி அன்றைக்கே பிள்ளைகள் தலையில் ஏற்றிவிட்டார். வேதியியல் தெரியாமலே அந்த அம்மா சரியான இடத்தில் கைவைத்திருக்கிறார்.

அடுத்தது மேப்பிள் சர்க்கரை. ராத்திரி உறைபனி, பகலில் உருகல் என்று இருக்கும் குளிர்கால முடிவில்தான் அந்த மரத்தில் நீர் இறங்கும். அந்த நீரில் சர்க்கரை சுமார் இரண்டு சதவீதம். நாற்பது லிட்டர் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு தேறும். இதை வெள்ளைக்காரர்களுக்குக் காட்டிக்கொடுத்தவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள். இந்த இடத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், எங்கள் ஊரில் பனைமரத்தில் இதே வேலை நடக்கிறது என்று சொல்லிவிட்டேன். பதநீரில் சர்க்கரை பத்து சதவீதத்துக்கும் மேல். புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். காய்ச்சி, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. டீச்சர் விடவில்லை. அடுத்த தடவை ஊருக்குப் போனபோது உடன்குடி கருப்பட்டி வாங்கிவரச் சொல்லி, மேப்பிள் பாகையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எல்லாருக்கும் கொடுத்தார். கருப்பட்டிக்குத்தான் ஓட்டு அதிகம் (நான் பணம் எதுவும் கொடுக்கவில்லை :-) ).

இதுவரை எல்லாம் இனிப்பு. 'தி லாங் விண்டர்' (1940) வந்தபோதுதான் வகுப்பின் முகம் மாறியது.

அந்தப் புத்தகம் 1880–81 குளிர்காலத்தைப் பற்றியது. இடம் டகோட்டா பிரதேசத்தில் டி ஸ்மெட் என்ற குட்டி ஊர். 1880இல் ரயில் பாதை வந்ததால் முளைத்த ஊர் அது. அக்டோபர் நடுவிலேயே முதல் பனிப்புயல் வந்துவிட்டது. அதற்கப்புறம் ஒன்றன்பின் ஒன்றாகப் புயல். ஜனவரியில் நின்றுபோன ரயில் திரும்ப வந்து சேர்ந்தது மே மாதம். ஊர் புதிது. நிலத்தை அப்போதுதான் உழுதிருந்தார்கள், சொந்த விளைச்சல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. மாவு, கரி, மண்ணெண்ணெய் எல்லாமே ரயிலில் வர வேண்டும். ரயில் நின்றதும் எல்லாம் நின்றது.

கடையில் மாவு தீர்ந்தது. முழுக் கோதுமை கொஞ்சம் இருந்தது, அரைக்க மில் இல்லை. லாராவின் அம்மா காபிக்கொட்டை அரைக்கும் கை மிஷினில் கோதுமையைப் போட்டார். விறகு இல்லை, கரி இல்லை. வைக்கோலை முறுக்கி முறுக்கிக் கட்டைபோலச் செய்து எரித்தார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை. ஒரு சட்டைப் பொத்தானைத் துணியில் சுற்றி, திரியாக முறுக்கி, வண்டி அச்சுக்குப் போடும் கிரீஸில் வைத்து ஏற்றினார்கள். வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் காபி மிஷினைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் அடுத்த வேளை ரொட்டி கிடையாது.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு மிஷின் இருக்கிறது. கும்பகோணத்தில் பாட்டி வீட்டுப் பலகையில் திருகி வைத்திருந்த இரும்பு மிஷின். பாட்டி காலத்துக்குப் பிறகு என்னோடு ஊர் ஊராக வந்து, இப்போது ஹாலில் அலங்காரப் பொருளாக உட்கார்ந்திருக்கிறது. அதைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். பிள்ளைகள் முறை வைத்துச் சுற்றினார்கள். முதல் ஐந்து நிமிஷம் ஒரே கும்மாளம். பத்தாவது நிமிஷத்தில் "ஆஜி, போதுமா?" ஒரு டம்ளர் கொரகொர மாவு சேர இருபது நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. டீச்சர் கரும்பலகையில் எழுதினார்: வீட்டில் ஆறு பேர். ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர்? எத்தனை மணி நேரம்? எத்தனை மாசம்? யாரும் பேசவில்லை. என் பெண் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சிவந்திருந்தது.

ரொட்டி பொங்குவதற்கு அவர்களிடம் ஈஸ்ட் கிடையாது. மாவையும் வெந்நீரையும் கரைத்துப் புளிக்க வைத்து, ஒவ்வொரு தடவையும் அதில் கொஞ்சம் மிச்சம் வைத்து அடுத்ததுக்குச் சேர்ப்பார்கள். இட்லி மாவு அரைக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. அன்றைக்கு வந்த ரொட்டி செங்கல் மாதிரி இருந்தது. இருந்தும் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

சரி, இதில் சரித்திரம் எங்கே என்கிறீர்களா? வருகிறேன்.

லாரா இந்தக் கதைகளை எழுதுவதற்கு முன்னால், 1930 வாக்கில், பெரியவர்களுக்காக ஒரு தன்வரலாறு எழுதினார். பெயர் 'பயனீர் கேர்ல்'. எந்தப் பதிப்பாளரும் எடுக்கவில்லை. அது அடிக்குறிப்புகளோடு அச்சில் வந்தது 2014இல்தான். அதை வைத்துப் பார்த்தால் கதைப் புத்தகங்களில் எது விடுபட்டிருக்கிறது என்று தெரிகிறது. அந்த நீண்ட குளிர்காலத்தில் இங்கால்ஸ் வீட்டில் மாஸ்டர்ஸ் என்ற இளந்தம்பதியும் அவர்கள் கைக்குழந்தையும் சேர்ந்து இருந்தார்கள். கதையில் அவர்கள் இல்லை. மின்னசோட்டாவில் வெட்டுக்கிளி வந்து பயிரை அழித்தது கதையில் உண்டு. அதற்கப்புறம் 1876இல் லாராவின் தம்பி ஒன்பது மாதக் குழந்தையாக இறந்துபோனது இல்லை. பிழைப்புக்கு வழியில்லாமல் அயோவாவில் ஒரு ஹோட்டலில் குடும்பமே வேலை பார்த்த காலமும் இல்லை.

மாறாக 'ஃபார்மர் பாய்' (1933) என்று ஒரு புத்தகம். நியூயார்க் மாநிலத்தில் வசதியான பண்ணையில் வளர்ந்த அவர் கணவர் அல்மான்சோவின் சிறுவயதுக் கதை. அதில் பக்கத்துக்குப் பக்கம் சாப்பாடு. ஆப்பிளும் வெங்காயமும் சேர்த்து வதக்கியது, டோநட், பை, பன்றி இறைச்சி... பசியில் வளர்ந்த ஒரு பெண் அறுபது வயதுக்கு மேல் உட்கார்ந்து கணவன் வீட்டுச் சாப்பாட்டை ஒவ்வொரு தட்டாக எண்ணி எழுதுகிறாள் என்று நினைத்துப் படித்தால், அந்தப் பக்கங்கள் வேறு மாதிரி தெரிகின்றன.

இதையெல்லாம் விடப் பெரிதாக விடுபட்ட விஷயம் ஒன்று உண்டு. அதை டீச்சர் மக்காச்சோள ரொட்டி செய்த அன்று எடுத்தார்.

'லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரெய்ரி' (1935) கான்சாஸில் நடக்கிறது. நிஜத்தில் அந்தக் குடும்பம் அங்கே இருந்தது 1869 முதல் 1871 வரை. அந்த நிலம் ஓசேஜ் மக்களுடையது. ஒப்பந்தத்தின்படி அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த பகுதி. வெளியார் குடியேற அனுமதி இல்லை. இருந்தும் ஆயிரக்கணக்கில் வந்து வீடு கட்டினார்கள், அதில் இங்கால்ஸ் குடும்பமும் ஒன்று. புத்தகத்தில் ஒரு காட்சி: அப்பா இல்லாத நேரத்தில் இரண்டு ஓசேஜ் ஆண்கள் வீட்டுக்குள் வருகிறார்கள். அம்மா பயந்துகொண்டே மக்காச்சோள ரொட்டி சுட்டுப் போடுகிறார். அவர்கள் சாப்பிட்டுவிட்டு, புகையிலையை எடுத்துக்கொண்டு போகிறார்கள். சின்னக் குழந்தையின் கண்ணில் அது கொள்ளை மாதிரி தெரிகிறது.

டீச்சர் சூடான ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டார்: "மக்காச்சோளம் யாருடைய பயிர்?" பிள்ளைகளுக்குத் தெரியும், போன வாரம்தான் படித்தார்கள். மெக்சிகோ பக்கம் சுமார் ஒன்பதாயிரம் வருஷத்துக்கு முன்னால் பூர்வகுடிகள் புல்லிலிருந்து வளர்த்தெடுத்த பயிர். "நிலம் யாருடையது?" ஓசேஜ். "அப்போ விருந்தாளி யார்?"

என் பெண் கேட்டாள், "லாராவுக்கு இது தெரியுமா ஆஜி?" லாராவுக்கு அப்போது ரெண்டு மூணு வயசு. "அவ அப்பாவுக்கு?" தெரியும். சர்க்கார் அவர்களைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும் என்று நம்பித்தான் வந்தார், புத்தகத்திலேயே அது இருக்கிறது. 1870இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டு ஓசேஜ் மக்களின் கான்சாஸ் நிலத்தை விற்க வழி செய்தது. அவர்கள் தெற்கே, இன்றைய ஓக்லஹாமாவுக்குப் போனார்கள். கதையின் முடிவில் ராணுவம் வந்து தங்களைத் துரத்தும் என்று அப்பா கோபத்தோடு கிளம்புகிறார். நிஜத்தில் அவர்கள் திரும்பியதற்குக் காரணம், விஸ்கான்சின் வீட்டை விலைக்கு வாங்கியவரால் பணம் கட்ட முடியவில்லை என்பது.

இன்னொன்றும் சொன்னார். அந்தப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில், அந்தச் சமவெளியில் மனிதர்களே கிடையாது, இந்தியர்கள்தான் இருந்தார்கள் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. 1952இல் ஒரு வாசகர் பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டார். லாரா ஒப்புக்கொண்டு, மனிதர்கள் என்ற சொல்லைக் குடியேறிகள் என்று மாற்றச் செய்தார். பதினேழு வருஷம் அது எத்தனையோ ஆசிரியர்கள் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது. 1954இல் அவர் பெயரில் தொடங்கிய குழந்தை இலக்கிய விருதின் பெயரையே 2018இல் அமெரிக்க நூலகர் சங்கப் பிரிவு மாற்றிவிட்டது. புத்தகங்களைத் தடை செய்யவில்லை, பெயரை மட்டும் எடுத்தார்கள்.

எங்கள் குடியிருப்பில் ஒரு அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "குழந்தைங்க சந்தோஷமா ரொட்டி சாப்பிட்டுப் போகட்டுமே, எதுக்கு இந்த நிலத் தகராறெல்லாம்?" என்று நேரிலேயே கேட்டார். டீச்சர் கோபப்படவில்லை. "ரொட்டியை நான் பிடுங்கலையே. அந்த அம்மா பட்ட கஷ்டமும் நிஜம், நிலம் அவங்களுது இல்லைங்கறதும் நிஜம். ஒண்ணைச் சொல்லி ஒண்ணை மறைச்சா அது கதையாவும் நிக்காது, சரித்திரமாவும் நிக்காது" என்றார். அவருடைய பையன் அடுத்த சனிக்கிழமையும் வந்தான். அவன் வராமல் போயிருந்தால் எனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும், காபி மிஷினை அதிக நேரம் சுற்றியது அவன்தான்.

மக்காச்சோள ரொட்டியை அன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அம்மா அப்போது ஊரிலிருந்து வந்திருந்தார். எழுபது வயது நெருங்குகிறது. ஒரு துண்டு வாயில் போட்டதும், "இது எங்க ஸ்கூல் உப்புமா வாசனைடா" என்றார்.

அம்மா படித்தது திருவாரூர் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில், 1960களில். காமராஜர் காலத்து மதிய உணவுத் திட்டத்துக்கு அமெரிக்காவின் கேர் அமைப்பு பால் பவுடர், கோதுமை, மக்காச்சோள மாவு எல்லாம் அனுப்பிய காலம். மஞ்சளாக ஒரு உப்புமா போடுவார்களாம். ரேஷன் கடையில் மைலோ என்று ஒரு சிவப்புச் சோளம் வரும். 1954இல் போட்ட பி.எல். 480 என்ற சட்டத்தின்கீழ் அமெரிக்கா தன் உபரித் தானியத்தை நமக்கு ரூபாய்க்கு விற்றது. 1965, 66இல் அடுத்தடுத்து மழை பொய்த்தபோது கப்பல் வந்தால்தான் உலை என்ற நிலை. டி ஸ்மெட்டுக்கு ரயில் மாதிரி, நமக்குக் கப்பல்.

அந்தத் தானியம் விளைந்தது அமெரிக்காவின் அதே சமவெளிகளில். கான்சாஸ் இன்றைக்கும் கோதுமைக்கும் சோளத்துக்கும் பேர் போன மாநிலம். ஓசேஜ் மக்கள் காலி செய்துகொண்டு போன மாதிரியான மண்ணில், லாராவின் அப்பா மாதிரியான ஆட்களின் பேரப்பிள்ளைகள் உழுது விளைத்தது, திருவாரூர் பக்கத்தில் ஒரு ஏழு வயதுப் பெண்ணின் அலுமினியத் தட்டுக்கு வந்திருக்கிறது. இது எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

இதை டீச்சரிடம் சொன்னதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த சனிக்கிழமை அம்மாவை முன்னால் உட்கார வைத்துவிட்டார். அம்மா தமிழில் சொல்ல, என் பெண் ஹிந்தியில் சொன்னாள். எத்தனை மணிக்குப் பெல் அடிக்கும், எவ்வளவு உப்புமா, தட்டு யார் கழுவ வேண்டும், மிச்சத்தைத் தாவணியில் மறைத்துத் தம்பிக்குக் கொண்டுபோன அக்காமார்கள் யார் என்பது வரைக்கும். எனக்கே இதெல்லாம் புதுசு. நாற்பத்தைந்து வருஷமாக நான் கேட்டதும் இல்லை, அம்மா சொன்னதும் இல்லை.

கடைசியில் ஒரு பையன் கேட்டான், "ஆஜி, அந்த உப்புமா நல்லா இருக்குமா?"

அம்மா கொஞ்சம் யோசித்தார். "பசிக்குச் சாப்பிட்டோம்ப்பா. நல்லா இருக்கான்னு யார் பார்த்தா?" என்றார்.

டீச்சர் அதை அப்படியே தன் நோட்டில் எழுதி, பக்கத்தில் ஊர் பேரும் வருஷமும் போட்டுக்கொண்டார்.